உப்புப் பை எத்தனை நாளைக்கு வருகிறது?

குடும்பநல உத்தியோகத்தராக 31 வருடங்கள் கிளிநொச்சியின் கண்டாவளைப் பக்கத்துக் கிராமங்களில் முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் திரிந்தவள் நான். கர்ப்பிணிகளின் நிறையைப் பார்ப்பது, குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பது, திரிபோஷாச் சத்துமா கொடுப்பது, கொடுத்ததைக் கொடுக்கப்பட்டவர்தான் சாப்பிட்டாரா என்று விசாரிப்பது என் வேலை. அந்த வேலையில் பாதி குசினிகளில்தான் நடந்தது. "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், "கீரை, மீன், பருப்பு எல்லாம் சாப்பிடுகிறோம் மிஸ்" என்பார்கள். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். வீடு தேடி வந்தவருக்கு எது கேட்கப் பிடிக்குமோ அதைச் சொல்வது நம் ஊர் மரியாதை. அதனால் சில வருடங்களிலேயே கேள்வியை மாற்றிவிட்டேன். அடுப்புக்கு மேலிருக்கும் உப்புப் பையைக் காட்டி, "இதை எப்போது பிரித்தீர்கள்?" என்று கேட்பேன். அதற்கு உண்மையான பதில் வரும். கடைக்குப் போன நாள் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஓய்வுபெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது மாதத்தில் ஒரு நாள் கணவரை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறேன். அவருக்குப் பிரஷரும் சலரோகமும் (நீரிழிவு) உண்டு. அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலரை எனக்குத் தெரியும். நான் கர்ப்பிணி அட்டை எழுதிக்கொடுத்த பெண்கள் அவர்கள். 50 வயதுகூட ஆகவில்லை, கையில் கிளினிக் கொப்பியும் மருந்துப் பையும். அவர்களில் ஒருத்தி, இரட்டைக் குழந்தைகளை நல்ல நிறையோடு பெற்றெடுத்தவள், போன வருடம் கால்விரல் ஒன்றை இழந்துவிட்டாள். அவளுடைய குசினியில் எத்தனையோ தடவை உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். அந்தத் தேநீர் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் குழந்தைகளின் நிறையைப் பார்த்தேன். தாயின் ஐம்பதாவது வயதைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எண்பது வயதிலும் எழுந்து நடமாட வேண்டுமென்றால் வன்னியில் கிடைக்காத சாமான் எதுவும் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் ஓட்ஸும் பொடிகளும் இல்லாமல் வாழலாம். உங்கள் வீட்டில் எது எத்தனை நாளில் தீர்கிறது என்பதை ஒரு மாதம் கலண்டரில் குறித்து வாருங்கள். உங்கள் வீட்டின் உடல்நிலை அதில் எழுதியிருக்கும்.

உப்பிலிருந்து தொடங்குங்கள்

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேக்கரண்டியில் தலைதட்டி எடுத்தால் ஏறத்தாழ அவ்வளவுதான். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோப் பை குறைந்தது 50 நாளைக்கு வரவேண்டும்.

இந்தக் கணக்கை என் வீட்டில் போட்டுப் பார்த்தது 2014ஆம் ஆண்டு, கணவருக்குப் பிரஷர் என்று தெரிந்த மாதத்தில். நாங்கள் நால்வர்: நான், கணவர், மகள், மாமி. பை பிரித்த நாளைக் கலண்டரில் வட்டமிட்டேன். 28ஆம் நாள் மாமி வெறும் பையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் போய் உப்பைக் குறையுங்கள் என்று சொல்லிவந்தவளின் வீட்டு நிலை இது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

50 நாள் என்பதும் கடைசி எல்லைதான். கருவாடு, அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், மிக்சர், பாண், நூடில்ஸ் பைக்குள் வரும் தூள், சூப் கட்டி எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. அது உங்கள் பையிலிருந்து போவதில்லை. ஆகவே 60 நாளைத் தாண்டினால்தான் நிம்மதி. மீன் கழுவவும் கீரை அலசவும் எடுக்கும் உப்பை வேறு பேணியில் வையுங்கள், கணக்குக் குழம்பாது.

ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டைதான் வரும். ஒரு வாரத்துக்கு வழக்கமாகச் செலவாகும் உப்பைச் சின்னப் பேணி ஒன்றில் எடுத்து, அதிலிருந்து இரண்டு தேக்கரண்டியைத் திருப்பிப் பையில் போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். பழகிய பிறகு பழைய அளவில் அரைத்த சம்பலை வாயில் வைத்தால் கடல்நீரைக் குடித்ததுபோல் இருக்கும்; என் மகள் சொன்னது இது. சம்பலுக்குத் தேசிக்காயைக் கொஞ்சம் கூடப் பிழியுங்கள். சொதிக்கும் கறிக்கும் உப்பை இறக்கும் நேரத்தில் போடுங்கள். கொஞ்ச உப்பே நாக்கில் தெரியும், அயடினும் கொதியில் வீணாகாது. கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். தென்னைக்குப் போடவென்று வாங்கும் கல்லுப்பைக் கறிக்கு எடுக்காதீர்கள்.

சீனி

வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. காலையில் எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு, விளக்கு வைக்கும் நேரத்தில், யாராவது வந்தால் அவரோடு இன்னொன்று. ஐந்து பேணி, பேணிக்கு இரண்டு கரண்டி, பத்துக் கரண்டி சீனி. கிராமில் 40க்கு மேல். உணவில் சேர்க்கும் சீனி ஒருவருக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பணிஸ், பிஸ்கட், சோடா எதையும் தொடாமலேயே தேநீரால் மட்டும் அந்த 25ஐ நாம் தாண்டிவிடுகிறோம். நால்வர் உள்ள வீட்டில் மாதத்துக்கு மூன்று கிலோவுக்கு மேல் சீனி வாங்கினால் அந்த வீட்டின் தேநீரில்தான் கைவைக்க வேண்டும்.

வீடு வீடாகப் போகும் வேலை என்பதால் சில நாளில் எனக்கு ஆறு, ஏழு தேநீர் கிடைக்கும். மறுத்தால் மனம் நோவார்கள். ஆகவே, "சீனி போடாமல் தாருங்கள் அம்மா, பனங்கட்டி இருந்தால் ஒரு சின்னத் துண்டு கடித்துக்கொள்கிறேன்" என்று கேட்கப் பழகினேன். புளியங்கொட்டை அளவுத் துண்டு ஒரு பேணித் தேநீருக்குப் போதும். இனிப்பு நேராக நாக்கில் படுவதால் கொஞ்சமே நிறைவு தரும். பனங்கட்டியால் சலரோகம் அதிகரிக்காது என்று சிலர் நம்புகிறார்கள், அது பிழை. பனங்கட்டியும் இனிப்புத்தான், உடம்புக்குள் போனால் சீனியாகத்தான் வேலை செய்யும். அளவு குறைவதுதான் இதில் கிடைக்கும் இலாபம்.

சோடாப் போத்தல்களில் 2016 முதல் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறியீடு இருக்கிறது. சிவப்பு என்றால் சீனி அதிகம். எழுத்து வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் அந்த நிறத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். திருவிழாவில் ஒரு நாள் குடிக்கட்டும். தோட்டத்திலிருந்து வெயிலில் வருபவருக்கு மோரோ இளநீரோ தேசிக்காய்த் தண்ணீரோ கொடுங்கள்.

சோற்றுக் கோப்பை

வன்னியில் ஒருவரிடம் சோற்றைக் குறையுங்கள் என்று சொல்வது எளிதல்ல. அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் 2009இல் எங்கே இருந்தார் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். விசுவமடு, தேவிபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நாங்கள் நகர்ந்துகொண்டே இருந்த அந்த மாதங்களில் கஞ்சிதான் சாப்பாடு. பேணியைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் கிடக்கும் பருக்கையை எண்ணிவிடலாம். தேங்காய்ப்பால் சேர்ந்த கஞ்சி ஒரு நாள் கிடைத்தது. அந்த நாளை மகள் இன்றும் சொல்வாள். அந்தப் பசியைக் கண்டவர்கள் பிள்ளையின் கோப்பையில் சோற்றைக் குவித்துப் பார்த்தால்தான் அடங்குவார்கள். கோப்பை என்று நாங்கள் சொல்வது சாப்பாட்டுத் தட்டை. குவியல் குறைந்தால் ஏதோ ஆபத்து நெருங்குகிறது என்று மனம் பதறும். எனக்கும் பதறியது. பல வருடங்கள் பதறியது.

அதனால் நான் யாரிடமும் கோப்பையைக் காலியாக வையுங்கள் என்று சொல்வதில்லை. கோப்பை நிறைந்தே இருக்கட்டும். அதில் யார் எவ்வளவு இடம் பிடிப்பது என்பதைத்தான் மாற்றவேண்டும். நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முழுவதும் கீரை வறையும் மரக்கறியும். மற்றப் பக்கத்தில் பாதி சோறு, பாதி மீன் அல்லது முட்டை அல்லது பருப்பு, பயறு, கௌபி. பரிமாறும்போது சோற்றைக் கடைசியில் போடுங்கள். கறிகள் இடம் பிடித்த பிறகு சோறு தானாகவே குறையும். சாப்பிடும்போதும் முதலில் வறையையும் மரக்கறியையும் மீனையும் நாலைந்து வாய் சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கைவையுங்கள். இரத்தத்தில் சீனி ஏறுவது மெதுவாகும்.

பானைக்குள் போடும் அரிசியைச் சுண்டால் அளந்து போடுங்கள், கையால் அள்ளாதீர்கள். சுண்டு என்பது ரின்பால் பேணியின் அளவு, எங்கள் பக்கத்துக் குசினிகளில் எல்லாம் ஒன்று கிடக்கும். மதியத்துக்கும் இரவுக்குமாக நாங்கள் நால்வருக்கு நாலு சுண்டு போட்டுவந்தோம். வாரத்துக்கு ஒரு பிடி என்று குறைத்து இப்போது இரண்டரையில் நிற்கிறோம். வீட்டில் யாரும் பசி என்று எழுந்துபோனதில்லை, ஏனென்றால் குறைந்த ஒவ்வொரு பிடிக்கும் ஈடாக ஒரு பிடி கறி கூடியது. வயலில் மண்வெட்டி பிடிப்பவருக்கும் வளரும் பிள்ளைக்கும் இந்த அளவு பொருந்தாது. அவர்களுக்குக் கூடத் தேவை. கதிரையில் இருந்து வேலை செய்பவரும் ஓய்வுபெற்ற நாங்களும் மண்வெட்டி பிடித்த காலத்துக் கோப்பையைத் தொடர்ந்து சாப்பிடுவதால்தான் நோய் வருகிறது.

அரிசியில் தீட்டாத சிவப்புப் புழுங்கலரிசிதான் என் தெரிவு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி விற்றமின்களில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுகிறது. காலபோக நெல் வந்ததும் வீட்டிலேயே அவித்துக் காயவைத்து, மில்லில் ஒரு தீட்டோடு நிறுத்தச் சொல்லி வாங்குங்கள். வெள்ளைவெளேரென்று வரும்வரை தீட்டினால் தவிடு மாட்டுக்குப் போகிறது, சத்தும் அதோடு போகிறது. குரக்கனும் நல்லது. ஆனால் சலரோகக்காரர் குரக்கன் பிட்டை எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைப்பது தவறு. மா என்றால் எந்த மாவும் மணியைவிட வேகமாகச் செரித்துச் சீனியாகும்.

கோதுமை மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். இடம்பெயர்வின்போதும் மீள்குடியேறியபோதும் நிவாரணமாக மாவும் பருப்பும் சீனியும் எண்ணெயும் வந்தன. அவை எங்கள் உயிரைக் காத்தவை. நிவாரணம் நின்ற பிறகும் மா மட்டும் குசினியைவிட்டுப் போகவில்லை. காலையில் ரொட்டி, இரவிலும் ரொட்டி. இப்போது அதற்குமேல் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ படலைக்கே வருகிறது. பாட்டுக் கேட்டதும் பிள்ளைகள் ஓடுவார்கள், தாய்மாரும் நேரமில்லை என்று பணிஸ் வாங்கிவிடுவார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். விடிய ஐந்து மணிக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குப் போகும் தாய் எப்படிப் பிட்டு அவிப்பாள்? அவளுக்கு ஒரு வழி உண்டு. இரவே பயறையோ கௌபியையோ ஊறவையுங்கள். காலையில் கால் மணி, அரை மணி நேரத்தில் அவிந்துவிடும். தேங்காய்ப்பூ ஒரு பிடி, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டால் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியும் நிறையும். பாணை வாரத்தில் இரண்டு நாளாக்கினாலே பெரிய காரியம்.

இலை

வன்னியில் செல்வம் என்றால் எனக்கு வளவுதான். கால் ஏக்கர் வளவும் கிணறும் இருக்கும் வீட்டில், சந்தையிலிருந்து வந்த வாடின லீக்ஸும் கரட்டும் தொங்குவதைக் காணும்போது மனம் வலிக்கும். மரக்கறியும் பழமும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் வேண்டும். உங்கள் கையால் ஐந்து பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முழுவதும் காசுக்கு வாங்கமுடியாது. வளவு தந்தால் முடியும்.

வேலியில் நாலு முருங்கைக் கதியால் நடுங்கள். மாரி தொடங்கும்போது நட்டால் பிழைத்துவிடும். கிணற்றடியில் வாழையும் பொன்னாங்காணியும் வல்லாரையும். கோடையில் மற்றக் கீரைகள் கருகும்போது முருங்கை நிற்கும்; பாத்திரம் கழுவிய தண்ணீரை அதன் அடிக்கு விடுங்கள். மாரி பெய்து சில வாரங்களில் முசுட்டையும் சாரணையும் தாமாகவே வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வயல் வரம்பிலும் வாய்க்கால் கரையிலும் கீரை பிடுங்காதீர்கள். களைக்கு மருந்து அடித்த வயலின் நீர் அங்கேதான் வருகிறது. இலை பச்சையாகத்தான் இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

முருங்கையிலை ஆய்வதற்குப் பொறுமை வேண்டும் என்று இளையவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். மாமி காட்டித்தந்த வழி இது. மாலையில் கொப்பை முறித்து, ஈரமில்லாத பழைய துணியில் சுருட்டி வையுங்கள். காலையில் அவிழ்த்து உதறினால் இலை தானாகக் கொட்டும். காம்பை மட்டும் பொறுக்கினால் போதும். மூன்று தண்ணீரில் அலசி வடியவிடுங்கள். சட்டியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய், சின்ன வெங்காயம் ஒரு பிடி, பச்சைமிளகாய் இரண்டு, கொஞ்சம் மஞ்சள். வெங்காயம் வதங்கியதும் இலையைப் போட்டு மூடாமல் கிளறுங்கள். ஈரம் வற்றி, கைநிறைய இருந்தது கரண்டியளவுக்குச் சுருங்கும்போது தேங்காய்ப்பூ இரண்டு பிடி. மூன்று விரலால் கிள்ளிய உப்பு. இறக்கி வைத்தபிறகு அரைத் தேசிக்காய். அடுப்பில் இருக்கும்போது தேசிக்காய் விட்டால் கைக்கும்.

அந்தத் தேசிக்காய் ருசிக்கு மட்டும் இல்லை. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்தப் புளிப்பிலுள்ள விற்றமின் சி உதவுகிறது. தேயிலை அதற்கு நேர்மாறு. கர்ப்பிணிகளிடம் நான் அதிகம் சொல்லியிருப்பது இதுவாகத்தான் இருக்கும்: கீரையும் சோறும் சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்தில் பெரும்பகுதி வீணாகும். ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

குறிஞ்சாவும் பாகலும் சலரோகத்துக்கு நல்லவை என்று சாப்பிடுவோர் தாராளமாகச் சாப்பிடலாம். அதை நம்பிக் கிளினிக் மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. நிறுத்தியவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைக் கண்டிருக்கிறேன்.

பழத்துக்கு ஆப்பிள் தேடாதீர்கள். பப்பாசி, கொய்யா, வாழை, விளாம்பழம், காட்டோரம் பாலைப்பழமும் வீரைப்பழமும் பழுக்கும் காலத்தில் அவை. கடித்துச் சாப்பிடுங்கள், சாறு பிழிந்து சீனி போட்டால் அது பழமாக இருக்காது.

தனியே இருக்கும் முதியவர்கள்

இவ்வளவு நேரம் குறையுங்கள் என்று சொன்னேன். கூட்டவேண்டியவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் போரில் இழந்தவர்கள், பிள்ளைகள் கடல் கடந்து போனவர்கள், எங்கள் ஊர்களில் தனியே ஒரு வீட்டில் இருக்கும் அம்மாமார். "எனக்கு ஒருத்திக்கு என்ன சமையல், பிள்ளை?" என்பார்கள். காலையில் தேநீரும் பிஸ்கட்டும், மதியம் சோறும் சொதியும், இரவு மறுபடி தேநீரும் பிஸ்கட்டும். அவர்களுடைய கை மெலிந்துகொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். தசை குறைந்தால் நடை தளரும், நடை தளர்ந்தால் கிணற்றடியில் விழுவார்கள், இடுப்பெலும்பு முறிந்தால் அதற்குப் பிறகு படுக்கைதான்.

அவர்களுக்கு ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒரு புரதம் வேண்டும். ஒரு முட்டை, ஒரு பிடி அவித்த பயறு, தயிர், ஒரு துண்டு மீன். பெரிய மீன் விலை கூடியது என்றால் சூடையும் நெத்தலியும் வாங்குங்கள். முள்ளோடு சாப்பிடுவதால் எலும்புக்குக் கல்சியமும் கிடைக்கும். இரணைமடுவிலிருந்து வரும் குளத்து மீனைச் சிலர் குறைவாக நினைக்கிறார்கள். புரதத்தில் அது கடல் மீனுக்குக் குறைந்ததல்ல. பல் இல்லாதவருக்கு மீனை உதிர்த்துச் சோற்றோடு மசித்துக் கொடுங்கள். அல்லது வாரம் ஒரு நாள் கூழ் காய்ச்சுங்கள். ஒடியல் மாவை ஊறவைத்து அந்தக் கைப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, மீன், இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் சேர்த்துக் காய்ச்சினால் ஒரு சட்டிக்குள் முழுச் சாப்பாடும் இருக்கிறது. கூழை ஒருவருக்கென்று காய்ச்சமுடியாது என்பதும் அதன் நன்மை. பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிடவேண்டி வரும், அவர் அன்றைக்கு வயிறாரக் குடிப்பார்.

மற்றவை

தேங்காயைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை, அளந்தால் போதும். நால்வருக்கு நாளொன்றுக்குப் பாதித் தேங்காய் என்று நாங்கள் நிற்கிறோம். ஒரு கறிக்குத்தான் முதற்பால். மற்றவை இரண்டாம் பாலில் வேகும். பொரியல் வாரத்தில் ஒரு நாள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். கொறிக்கக் கச்சான் ஒரு பிடி, வறுத்ததோ அவித்ததோ.

இரவுச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்குள் முடியுங்கள். வயலுக்குப் போன தலைமுறை விளக்கு வைத்ததும் சாப்பிட்டுப் படுத்தது. இப்போது தொலைக்காட்சி நாடகங்கள் முடிந்து பத்து மணிக்குச் சாப்பிட்டு அப்படியே சாய்கிறோம். சாப்பிட்டபின் படலைவரை நாலு தடவை நடந்து வந்தாலும் நல்லது. மெதுவாக மென்று சாப்பிடுங்கள். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று மாமி சொல்வார், அவர் ஒரு பிடி சோற்றை மெல்லும் நேரத்தில் என் மகள் கை கழுவி எழுந்துவிடுவாள்.

தண்ணீரைத் தாகம் வரும்வரை காத்திராமல் குடியுங்கள், குறிப்பாக வெயிலில் வேலை செய்பவர்கள். வவுனியாவின் சில பகுதிகளில் காரணம் முழுதாக விளங்காத சிறுநீரக நோய் விவசாயிகளைத் தாக்கியிருக்கிறது. தொடக்கத்தில் அது எந்த நோவும் தராது. ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை சிறுநீரும் இரத்தமும் பரிசோதியுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் நான் மேலே சொன்ன கீரை, பழம், பயறு, புரதம், தண்ணீர் எதையும் தம் விருப்பத்துக்குக் கூட்டக்கூடாது. அவர்களுக்கு அளவு வேறு, அதை வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

கடைசியாக ஒரு கயிற்றுக் கணக்கு. உங்கள் உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி வரவேண்டும். எட்டவில்லை என்றால் வயிற்றில் கொழுப்புக் கூடியிருக்கிறது. நாடாவால் அளந்தால் நம்மவரில் ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டக்கூடாது. தராசு இல்லாத வீட்டில் இந்தக் கயிறு போதும். 35 வயதைத் தாண்டியவர்கள் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போய்ப் பிரஷரையும் சீனியையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைசுற்றி விழுந்தபிறகு போகவேண்டாம்.

மாமிக்கு இப்போது 91 வயது. சாப்பாட்டால் மட்டும்தான் அவர் இத்தனை காலம் இருக்கிறார் என்று நான் சொல்லமாட்டேன், ஷெல்லுக்கும் தப்பவேண்டியிருந்தது. 2014இல் அந்தப் பையைத் தட்டிக்கொண்டிருந்த நாளுக்குப் பிறகு உப்புக் கணக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். புதுப் பை பிரித்தால் பேனையால் அதன் மேலேயே திகதி எழுதுவார், கை நடுங்குவதால் எழுத்துப் பெரிதாக இருக்கும். நேற்று அந்தப் பையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 61ஆம் நாள். அடியில் இன்னும் இரண்டு விரல் உயரத்துக்கு உப்பு இருந்தது.